கணக்கில் ஏறாத நீர்

'வளர்ச்சி' என்ற சொல்லைப் போல மயக்கந் தரும் சொல் இக்காலத்தில் வேறொன்றில்லை. ஆட்சியில் இருப்போர் அதனைச் சொல்கின்றனர்; ஆட்சியைப் பிடிக்க முயல்வோரும் அதனையே சொல்கின்றனர். கடன் கொடுத்தவனும் சொல்கிறான், கடன்பட்டவனும் சொல்கிறான். 1987ஆம் ஆண்டில் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையிலான ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்ட பின்னர், 'நிலைபேறான' என்ற அடைமொழியும் அச்சொல்லோடு வந்து ஒட்டிக்கொண்டது. நாளைய தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் செய்யாது இன்றைய தலைமுறையின் தேவையை நிறைவு செய்தலே நிலைபேறான அபிவிருத்தி என அந்த அறிக்கை விளக்கிற்று. நல்ல வாசகம், அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. 2015ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒன்றுகூடி, 2030ஆம் ஆண்டுக்குள் எய்த வேண்டிய 17 இலக்குகளை வகுத்தன. இலங்கையும் அவற்றை ஏற்றுக்கொண்டது. அதே இலங்கை 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சர்வதேச நாணய நிதியத்திடம் பெற்ற கடன் ஏற்பாடும் அந்நிறுவனத்துடனான அதன் 17ஆவது ஏற்பாடாக அமைந்தது. தொகை ஒத்துப்போனது தற்செயலே. ஆயினும் ஒரு பதினேழு பாடசாலைச் சுவர்களில் வர்ணப் படமாகத் தொங்குகிறது. மற்றப் பதினேழு எங்கள் வீட்டு மின்கட்டணம் வரை வந்து நிற்கிறது. இவற்றுள் எது அலங்காரம், எது ஆணை என்பதைக் கண்டுகொள்ளப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

நான் பொருளியல் அறிஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உலகப் பொருளாதாரக் கொள்கை வாஷிங்டனிலும் ஜெனீவாவிலும் எப்படி வகுக்கப்படுகிறது என்று எழுதத் தகுதியுடையோர் பலர் உளர். அக்கொள்கை கடைசியாக வந்து இறங்கும் துறையில் நின்று அதனைப் பார்ப்போரும் சிலர் வேண்டும் அன்றோ? அந்த அளவிலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

எனது ஊர் கொழும்புத்துறை. பெயரில் கொழும்பு இருந்தாலும், தலைநகருக்கும் எங்களுக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், மாநகர எல்லைக்குள்ளேயே, கடல்நீரேரியைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது இவ்வூர். வெளியூரார் இதனை யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊராக அறிவர். எங்களுக்கு இது ஒரு துறை. எதிர்க்கரை பூநகரி. தரைவழிகள் சீர்ப்படுமுன் பொருளும் ஆளும் வள்ளங்களில் வந்திறங்கிய இடம். நீரேரி ஆழமற்றது, பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே தொழில் செய்யலாம். அந்த ஆழமின்மையே அதன் செல்வம். வெயில் அடிவரை இறங்குவதால் அங்கே கடற்புல் செழிக்கிறது. புல்லின் மறைவில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. பெருமுதல் இல்லாத ஏழைக்கும் ஒரு சிறு வள்ளமும் ஒரு வலையும் கிடைத்துவிட்டால் பிழைக்க இடங்கொடுக்கும் நீர் அது.

ஊருக்கு வடக்கே போகப் போகச் செம்மண் தோட்டங்கள் வரும். அங்கேயும் வாழ்வு நீரில்தான் நிற்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத நீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகிறது. சுற்றிலும் கடலாதலால், அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. அளவோடு இறைத்தால் அடுத்த மாரி அதனை நிரப்பும். அளவு மிஞ்சினால் கீழிருந்து உவர் எழும். வகுப்பறையில் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது, "பிள்ளைகளே, இதுதான் உங்கள் பாட்டன்மாரின் வங்கி" என்று சொல்வது என் வழக்கம்.

இந்த இரண்டு நீரையும் முன்வைத்தே வளர்ச்சி பற்றிப் பேச விரும்புகிறேன். ஏனெனில் நாட்டின் எந்தக் கணக்கேட்டிலும் இவை முதலாக எழுதப்பட்டதில்லை. டொலரில் வராத எதையும் அந்த ஏடு அறியாது.

சுதந்திர இலங்கை உலகச் சந்தையிடம் கற்ற முதற் பெரும் பாடம் 1953ஆம் ஆண்டினது. தேயிலையும் றப்பரும் தேங்காயும் விற்று, அரிசி வாங்கி உண்ணும் நாடாகவே வெள்ளையர் எம்மை விட்டுச் சென்றனர். கொரியப் போர்க்காலத்தில் றப்பர் விலை ஏறிற்று, கருவூலம் நிறைந்தது. 1952இல் றப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறிற்று. நாம் நிர்ணயிக்காத இரண்டு விலைகளுக்கிடையே நாடு நசுங்கியது. உலக வங்கியின் குழுவொன்று 1951இல் வந்து பார்த்துச் சென்றிருந்தது. உணவு மானியத்தின் பாரம் தாங்காது என்ற ஆலோசனை பல திசைகளிலிருந்தும் வந்தது. நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் திகதி இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்திற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.

என் தந்தையார் அக்காலத்தில் ஒரு சங்கக்கடை மனேஜர். நான் அப்போது சிறு குழந்தை. பிற்காலத்தில் அவர் சொன்ன ஒன்று மட்டும் என் மனதில் பதிந்திருக்கிறது: "விலைப் பலகையிலை இருவத்தஞ்சை அழிச்சு எழுவது எண்டு எழுதினது என்ரை கை. எழுதச் சொன்னவனை நான் ஒருநாளும் காணேல்லை."

அக்காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை மக்கள் சீனத்துடன் றப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து, 270,000 தொன் அரிசி பெறும் ஐந்தாண்டு ஏற்பாடு அது. அமெரிக்காவின் அதிருப்தியைப் பொருட்படுத்தாது இதனைச் செய்தது ஓர் இடதுசாரி அரசு அன்று; வலதுசாரி அரசே. பசி வந்தபோது கொள்கை வளைந்து கொடுத்தது. வல்லரசு சொல்வதைத் தவிர வேறு வழியே இல்லை என்று எம்மிடம் கூறப்படும் ஒவ்வொரு முறையும் இந்த ஒப்பந்தத்தை நினைவிற் கொள்வது நன்று.

அடுத்து 1970 தொடக்கம் 1977 வரையிலான காலம். என் தாயாரின் ஊர் நீர்வேலி. அங்கே சின்னமாமாவுக்குச் சிறிது தோட்டக்காணி இருந்தது. துலாவும் பட்டையும் கொண்டு விடியற் சாமத்தில் இறைத்த குடும்பம் அது; ஒருவர் துலாவில் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடிக்க, ஒருவர் வாய்க்கால் மாறுவார். 1960களின் பிற்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பின்னர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணி இன்மையால், வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கிற்று. அந்த இறுக்கம் குடாநாட்டுத் தோட்டக்காரனுக்கு வாழ்வளித்தது. லொறி லொறியாக வெங்காயமும் செத்தல் மிளகாயும் தெற்கே போயின. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களிற் சேர்ந்த இளைஞர் மிளகாய் பயிரிட்டுப் பணங் கண்டனர். சின்னமாமாவும் ஓலை வீட்டைக் கல்வீடாக்கினார். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். உத்தியோகம் ஒன்றே வாழ்வு என்றிருந்த யாழ்ப்பாணத்தில், மண்வெட்டி பிடித்தவனுக்கும் மதிப்பு வந்த காலம் அது எனலாம்.

இக்காலத்தைப் பொற்காலமென்று பாடும் பழக்கம் எம்மவர் சிலரிடம் உண்டு. நான் பாடமாட்டேன். அதே அரசு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்து தமிழ் மாணவரின் மனதில் ஆறாப் புண்ணை உண்டாக்கிற்று. எங்கள் மிளகாய்க்கு விலை கிடைத்த அதே ஆண்டுகளில், 1974ஐ ஒட்டி, மலையகத் தோட்டங்களில் உழைப்பாளர் பட்டினியால் மாண்டனர். நாட்டுக்கு டொலர் தேடிக் கொடுத்த கைகள் மாவுக்கு ஏங்கி ஓய்ந்தன. எங்கள் தோட்டங்களிலும், வெங்காயம் நட்டுப் பிடுங்கிய கூலிப் பெண்களிற் பலர், சாதியின் பெயரால் ஊர்க்கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டவர்கள். அவர்கள் வியர்வையில் விளைந்த பயிருக்குப் பாய்ந்த நீரை அவர்கள் தம் கையால் அள்ளிக் குடிக்க முடியாதிருந்தது. நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொதுவென்று எழுதும்போது, அந்தப் பொதுவுக்குள் அன்று யார் யார் அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. துலாவால் இறைத்தபோது மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அதனோடு இரசாயன உரமும் வந்தது. செம்மண் ஊடாகச் சுண்ணக்கல்லுக்கு இறங்குவது மழைநீர் மட்டுமன்று. மேலே கொட்டியதும் இறங்கும். பின்னாளில் ஆய்வாளர் கிணற்று நீரைச் சோதித்தபோது, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற எல்லையைப் பல கிணறுகள் தாண்டியிருந்தன. சின்னமாமாவின் செழிப்பில் அவருடைய உழைப்பு இருந்தது. அரசின் பாதுகாப்பும் இருந்தது. மூன்றாவதாக ஒரு பங்கை நிலத்தடி நீர் செலுத்திற்று. அதனை யாரும் வரவு வைக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை.

அவ்வாண்டுகளில் உலக அரங்கிலும் ஒரு பெரு முயற்சி நடைபெற்றது. ஏழை நாடுகள் விற்கும் மூலப்பொருள்களின் விலை, அவை வாங்கும் ஆலைப்பொருள்களின் விலைக்குப் பின்தங்கியே செல்லும் என்பதை ஆர்ஜன்டீனரான ராவுல் பிரெபிஷ் எடுத்துக் காட்டினார். 1964இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் முதற் செயலாளர் நாயகம் அவரே. அந்த ஆண்டிலேயே 77 நாடுகளின் குழு பிறந்தது. 1974இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு வேண்டுமென்று பிரகடனம் செய்தது. அந்த ஆண்டு தொடங்கி 1984 வரை, பிரெபிஷ் இருந்த ஆசனத்தில் இருந்தவர் எங்கள் நாட்டவரான காமனி கொரியா. தேயிலை, றப்பர், சணல், செம்பு முதலியவற்றின் விலை திடீரென வீழாதபடி தாங்கிப் பிடிக்க ஒரு பொது நிதியை அமைப்பதே அவரது பெருங்கனவு. 1976இல் நைரோபியில் திட்டம் ஏற்கப்பட்டது. 1980இல் உடன்படிக்கை உருவாயிற்று. நடைமுறைக்கு வந்ததோ 1989இல். அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1979 முதல் அமெரிக்கா வட்டியை உயர்த்த, 1982இல் மெக்சிக்கோ கடன் கட்ட முடியாது விழுந்தது. அதன்பின் ஏழை நாடுகள் விலையைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்து, கடனைப் பற்றி மன்றாடும் நிலைக்கு வந்தன. தாங்கி நிற்க வேண்டிய தகர ஒப்பந்தம் 1985இலும், கோப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை 1989இலும் சரிந்தன. 1953இல் என் தந்தையார் காணாத அந்த 'எழுதச் சொன்னவனை'ப் பெயர் சொல்லி அழைத்து மேசையில் உட்கார வைக்க நடந்த முயற்சி அது. அது தோற்றதன் பலனையே நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

இலங்கை அந்தத் திருப்பத்தில் ஏனையோரை முந்திக்கொண்டது. 1977இல் ஆட்சிக்கு வந்தவர், 1953இல் அரிசி விலையை ஏற்றிய அதே ஜே. ஆர். ஜயவர்த்தனா. அந்த ஆண்டு நவம்பரில் இறக்குமதிக் கதவு திறந்தது. டொலருக்கு 16 ரூபா என்று நாணயம் இறக்கப்பட்டது. 1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது; முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, விலைவாசி அதனைத் தின்றது. கடைகளில் பொருள் குவிந்தது உண்மை. பாணுக்கு வரிசை நின்று சலித்த மக்கள் அதனை வரவேற்றதும் உண்மை. ஆனால் சின்னமாமாவின் தோட்டத்துக்கு வந்த செய்தி வேறு. இறக்குமதியான மிளகாயும் வெங்காயமும் சந்தையில் இறங்க, அவருடைய விளைச்சல் வீட்டு விறாந்தையில் கிடந்தது. சேமித்து வைக்கக் களஞ்சியம் இல்லை. மாற்றுப் பயிருக்கு வழிகாட்டல் இல்லை. கடன் தவணையைத் தள்ளிவைக்க ஆளில்லை. ஏழாண்டு பாதுகாப்பில் எவரும் அவரைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்தவில்லை. பாதுகாப்பை நீக்கியபோதும் எவரும் அவரைக் கேட்கவில்லை. மூடியதும் டொலருக்காக, திறந்ததும் டொலருக்காக. இரண்டு முடிவுகளிலும் தோட்டக்காரன் வெறும் விளைவாகவே இருந்தான்.

அதன்பின் போர் வந்தது. 1990இலிருந்து வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், உரம், மின்கலம், சவர்க்காரம் யாவும் அடங்கின. நீரேரி தொழிலிடமாக இராது, கிளாலியில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடக்கும் வழியாயிற்று. அக்காலத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. நான் இங்கே கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. போர் 2009இல் முடிந்தபோது எங்கள் மீனவரும் தோட்டக்காரரும் மூன்று தசாப்தம் பின்தங்கி, வெறுங்கையோடு, ஏற்கெனவே திறந்து கிடந்த ஒரு சந்தைக்குள் நுழைந்தனர் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். வெறுங்கையை நிரப்பக் கடன் கொடுப்போர் வீட்டு வாசலுக்கே வந்தனர்.

நாடும் அதையே செய்தது. சர்வதேச முறிகளை விற்று, உயர்ந்த வட்டிக்கு டொலர் வாங்கிற்று. 2019இல் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்து அரசு தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டது. கையிருப்பு வற்றத் தொடங்கிய 2021ஆம் ஆண்டில், இயற்கை விவசாயம் என்ற அழகிய பெயரில், இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. உரத்தால் எங்கள் கிணறுகள் கெட்டதை மேலே சொன்னேன்; ஆதலால் உரத்தைக் குறைக்க வேண்டுமென்பதில் எனக்கு மறுப்பில்லை. பல ஆண்டு பயிற்சியோடும் மாற்று உரத்தோடும் செய்யவேண்டிய காரியத்தை ஓர் அறிவித்தலால் செய்தது நிலத்தின் மீதுள்ள இரக்கத்தாலா, டொலர் பஞ்சத்தாலா என்பதே கேள்வி. விளைச்சல் வீழ்ந்தது, சில மாதங்களில், நவம்பரில், தடையும் நீங்கிற்று. 'நிலைபேறு' என்ற சொல்லின் பெயரையும் அது கெடுத்துவிட்டுப் போயிற்று.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. அதன்பின் நடந்தவற்றை வாசகர் அறிவர். கொழும்புத்துறைக் கரையில் நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் சிறு வள்ளங்களின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. வாரக்கணக்கில் எண்ணெய் இல்லை. கொள்கலன்களை வரிசையில் வைத்துவிட்டு, அவற்றின் நிழலில் மனிதர் குந்தியிருந்தனர். எண்ணெய் வந்தபோது விலையும் வந்தது: ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மானியம் உண்மையான செலவை மறைக்கிறது, ஆகவே விலை செலவைக் காட்டவேண்டும் என்பது அறிஞர் கூற்று. நியாயமே. செலவைக் காட்டும் அந்த ஒழுங்கு எல்லோர்க்கும் ஒன்றாக இருந்ததா? 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, உழைப்பாளரின் சேமலாப நிதி சுமையை ஏற்றது, வங்கிகள் தப்பின. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. கூலிக்காரன் வாங்கும் சவர்க்காரத்துக்கும் செல்வன் வாங்கும் சவர்க்காரத்துக்கும் அதே வரி. 2024இல் ஆட்சி மாறிற்று. நாணய நிதியத்துடனான ஏற்பாடு மாறவில்லை.

டொலர் வேண்டும் என்ற அதே ஓலத்தின் நடுவேதான் கடலட்டையும் எங்கள் நீரேரியில் பெருஞ் செல்வமாகக் கண்டெடுக்கப்பட்டது. இங்கே அதனை உண்பார் எவருமில்லை. குடல் நீக்கி, அவித்து, உலர்த்திச் சீனம், ஹொங்கொங், சிங்கப்பூர் முதலிய இடங்களுக்கு அனுப்பினால் நல்ல விலை. எங்கள் அயலூரான அரியாலையில் சீனக் கூட்டு முயற்சியாக ஒரு குஞ்சு பொரிப்பகம் முன்னரே அமைந்திருந்தது. 2022 ஜூனில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் ஏற்றுமதிக்கான பெருமளவுக் கடலட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை அனுமதி அளித்தது. ஆழமற்ற நீரில் கம்பு நட்டு, வலை சுற்றி, உள்ளே குஞ்சுகளை விட்டு வளர்ப்பது முறை. எது ஏழைக்கு இடந்தந்ததோ, அந்த ஆழமின்மையே பண்ணைக்கும் வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பூநகரிப் பிரதேசத்துக் கிராஞ்சியில் மீனவர் இதனை எதிர்த்துத் தொடர்ந்து போராடினர்.

என்னிடம் படித்த ஒருவர் சிறு பண்ணை ஒன்று வைத்து, இரண்டு அறுவடையில் கடனை அடைத்தார். அவரை நான் குறைகூற மாட்டேன். பண்ணைகளில் கூலிக்குச் சென்ற பெண்களும் உளர். எனினும் ஒரு மாலை, துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த வயோதிகர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"மாஸ்ரர், டொலர் வரும் எண்டு சொல்லுகினம். வரட்டும், நல்லதுதான். நான் இறால் பிடிக்கிற இடம் எங்கை போகும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"சங்கத்திலை கேக்கேல்லையோ அண்ணை?"

"கேட்டம். பெமிற் மேலையிருந்து வந்தது எண்டினம். மேலை எண்டால் எங்கை? வானத்திலையோ?"

அவர் சிரித்துவிட்டு மீண்டும் வலையைக் குனிந்து பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடலட்டையின் ஏற்றுமதி வருமானம் நாட்டின் ஏட்டில் டொலராக ஏறும். கம்பு நட்ட இடத்தில் இழந்த இறாலும், தூர்ந்த கடற்புல்லும், வள்ளம் சுற்றிப் போக எரித்த எண்ணெயும், கரைக்கு வெறுங்கையோடு வந்தவனின் நாளும் எந்த ஏட்டிலும் ஏறா. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி, மறுபக்கத்தைக் கழிக்காது விட்டு, விடையை 'வளர்ச்சி' என்று எழுதினால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கையும் நாம் பிழையென்று வெட்டுவோம்.

நிலத்தடி நீரின் கதை இதைவிடத் தெளிவானது. கிணறுகள் உவர்த்தும் மாசுற்றும் போனதால் குடாநாட்டுக்குக் குடிநீர் தேட வேண்டியதாயிற்று. இரணைமடுக் குளத்திலிருந்து கொண்டுவர முதலில் எண்ணினர். கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலுக்கே போதாதென்று மறுத்தனர். அவர்கள் மறுப்பில் நியாயம் இருந்தது. முடிவில் வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவி அதற்கு வேண்டியிருந்தது. தாகத்துக்கு நீர் வருவதை நான் வெறுக்கவில்லை. குழாயைத் திறந்து குடிக்கும் தாய் வாழ்க. ஆனால் இக்கணக்கை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். மழை இலவசமாகத் தந்த நீரை, டொலர் மிச்சம் பிடிக்கும் காலத்தில் வெங்காயமாக்கி விற்றோம். விற்றதில் நீரின் விலை சேரவில்லை. இப்போது டொலரைக் கடனாக வாங்கி, மின்சாரம் செலவிட்டு, அதே நீரைக் கடலிலிருந்து பிழிந்தெடுக்கிறோம். அந்த ஆலை கட்டிய செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 'வளர்ச்சி'யாகவே சேரும். கிணறு கெடாது இருந்திருந்தால், அந்த வளர்ச்சி வந்திராது.

"அந்நியச் செலாவணி இன்றி மருந்தும் எண்ணெயும் எப்படி வாங்குவது? உலகத்தோடு கதவை மூடிக்கொள்ளச் சொல்கிறீரா?" என்று கேட்போர் இருப்பர். நான் அப்படிச் சொல்லவில்லை. மூடிய காலத்திலும் எங்கள் நீர் செலவழிந்தது. திறந்த காலத்திலும் செலவழிந்தது. ஆகையால் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. கதவைத் திறப்பவரும் மூடுபவரும் எதனை எண்ணுகின்றனர், யாரைக் கேட்கின்றனர் என்பது அதனினும் பெரிய கேள்வி. நாணய நிதியத்தின் 2023 ஏற்பாட்டைப் பாருங்கள். 2032இல் அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். வட்டி நீங்கலாக அரசின் வரவு, செலவை 2.3 சதவீதத்தால் விஞ்ச வேண்டும். கையிருப்பு இவ்வளவு சேர வேண்டும். சமூக நலச் செலவுக்கும் ஒரு கீழெல்லை உண்டு; அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் கிணற்று நீர்மட்டத்துக்கோ, நீரேரியின் கடற்புல்லுக்கோ அங்கே ஓர் அளவுகோல் இல்லை. மூன்று மாதத்துக்கொருமுறை டொலர் கையிருப்பை அளக்கும் அரசுக்கு, மாரிக்கொருமுறை நீர்க் கையிருப்பை அளந்து மக்கள் முன் வைப்பது முடியாத காரியமா?

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எங்கள் கரைகளில் புதியன அல்ல. எந்த இடத்தில் எவர் எவ்வகை வலை விடலாம் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பேசித் தீர்த்துவந்த மக்கள் இவர்கள். நீரேரியில் ஒரு கம்பு நடுவதற்கு முன்னும் அந்தச் சங்கங்களின் சம்மதம் சட்டப்படி வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அன்று. தோட்டக்காரன் உரத்தைக் குறைத்தால், குறைத்ததால் வரும் நட்டத்தில் ஒரு பங்கை நாடு தாங்க வேண்டும். ஏனெனில் அவன் காப்பது எல்லோரும் குடிக்கும் நீரை. களஞ்சியம், நேர்மையான கடன், கூட்டுறவுச் சந்தை ஆகியவை இன்றிப் பாதுகாப்பும் பயன்தராது, போட்டியும் பயன்தராது என்பதைச் சின்னமாமாவின் விறாந்தை காட்டிவிட்டது. உலக அளவில், காமனி கொரியா விட்டுச் சென்ற வேலையையும் மீண்டும் கையில் எடுக்க வேண்டும். கடன்பட்ட நாடுகள் தனித்தனியே கடன்காரர் முன் நிற்கும்வரை, ஒவ்வொன்றும் தன் நீரையும் மண்ணையும் விலை குறைத்தே விற்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 17 இலக்குகளையும் வரிசைப்படி ஒப்புவிக்கும் பிள்ளைகளை நாம் உருவாக்கிவிட்டோம். இனி அவர்களை ஒரு கிணற்றடிக்கு அழைத்துச் செல்வோம். ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். பங்குனியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை, மாரி கழிந்து ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதட்டும். நீரேரிக் கரையில் நிற்கும் கம்புகளை எண்ணி எழுதட்டும். கரை திரும்பும் வள்ளத்தில் எவ்வளவு மீன் இருந்தது என்று கேட்டு எழுதட்டும். பத்து ஆண்டுகளில் அந்தக் கொப்பிகள், எந்த அமைச்சிலும் இல்லாத ஒரு கணக்கேடாகும். 'மேலையிருந்து' ஒருவர் வளர்ச்சி வந்துவிட்டதென்று அறிவிக்கும் நாளில், அதனை எதிரே விரித்து வைத்துக் கேள்வி கேட்க எங்கள் பிள்ளைகளுக்கு அது உதவும்.